பெயின்ட்டில் எழுதிய பென்சீன்

என் செல்லத் தம்பி குற்றாலத்துக்கு,

வருகிற ஐப்பசியோடு நீ போய் ஒரு வருஷம். பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதி, 'கண்ணீருடன் குடும்பத்தார்' என்று முடித்துவிடலாம் என்றார் உன் அத்தான். உன்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகள் நினைவு மலர் போடுகிறார்களாம். "ஒரு பக்கம் எழுதித் தாங்க டீச்சர்" என்று கேட்டு வந்தார்கள். நாலு வரியிலோ ஒரு பக்கத்திலோ அடங்குகிற கோபமா எனக்கு உன்மேல்? நீளமாகத்தான் எழுதுவேன், வெட்டினால் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊரே படிக்கட்டும். நீ எங்கே இருக்கிறாயோ அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்து கேள். குறுக்கே பேசாதே.

இப்போதாவது உன்னால் குறுக்கே பேச முடியாது என்பதில் எனக்குச் சின்னத் திருப்தி. அதுவும் ரொம்ப நேரம் நிற்பதில்லை.

நாம் இரண்டு பேரும் நடத்தியது ஒரே பாடம், ஒரே புத்தகம். நான் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு வேதியியல் டீச்சர். நீ டவுனில், ரத வீதி மாடியில், மொட்டை மாடிக்கு ஓடு போட்ட அந்த ஹாலில் டியூஷன் வாத்தியார். கல்யாணம் காட்சி இல்லாமல், ஹாலுக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் என் வீட்டுக்கு வருவாய். வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? சோற்றில் கை வைத்ததும் பென்சீனை ஆரம்பித்துவிடுவாய்.

வேதியியல் படிக்காதவர்கள் இந்த மலரைப் படித்தால் குழம்பக் கூடாது. அதனால் நான் சொல்லிவிடுகிறேன். பென்சீன் என்பது ஆறு கார்பன் கைகோத்து நிற்கிற ஒரு வளையம். ஒவ்வொரு கார்பனுக்கும் நாலு பிணைப்பு வேண்டும். கணக்குச் சரியாக வரவேண்டுமானால் வளையத்தைச் சுற்றி ஒன்று விட்டு ஒன்று இரட்டைக் கோடு போடவேண்டும். இந்தப் பக்கத்தில் ஆரம்பித்தால் ஒரு படம், அடுத்த பக்கத்தில் ஆரம்பித்தால் இன்னொரு படம். இரண்டும் சரிபோலத்தான் இருக்கும். அப்படியென்றால் நிஜ பென்சீன் எது? பிள்ளைகள் எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம் இது. புத்தகம் இதற்கு உடனிசைவு என்று ஒரு பெயரை வைத்துவிட்டு நகர்ந்துவிடும்.

நிஜ பென்சீன் அந்த இரண்டுமே இல்லை. இரண்டும் கலந்த ஒன்று. அது எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது. இதை நான் உன்னிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன்! நீ கேட்டாயா?

"அக்கா, பிள்ளையளுக்கு ரெண்டு படம் போடுதோம். அப்புறம் ரெண்டும் இல்லன்னு சொல்லுதோம். அப்ப எதுக்கு சார் போட்டீயன்னு கேக்குதுவ. நான் என்னத்தச் சொல்ல?" என்பாய்.

"நம்ம பேனாவுக்கு அத ஒரே படமா வரையத் தெரியலன்னு சொல்லு. அது பென்சீனோட குத்தம் இல்லலே, நம்ம கோட்டோட குத்தம்."

"அப்படிச் சொன்னா அதுவ மனசுல நிக்காதுக்கா."

மனசில் நிற்பதற்காக நீ என்ன செய்தாய்? மின்விசிறியைக் கொண்டுவந்தாய். ஹாலில் தொங்கும் அந்த லொடலொட விசிறியைப் பைய சுற்றவிட்டு, "இப்ப ரெக்கை தெரியுதா?" என்பாய். தெரியுது என்பார்கள். வேகத்தைக் கூட்டி, "இப்ப?" என்பாய். தெரியலை என்பார்கள். "அம்புட்டுத்தான். பென்சீனும் இப்படித்தான். இந்தப் படம், அந்தப் படம், இந்தப் படம், அந்தப் படம்னு மாறிக்கிட்டே கெடக்கு. வேகத்துல நம்ம கண்ணுக்கு ஒண்ணாத் தெரியுது." பிள்ளைகள் கைதட்டும். மனசில் நின்றுவிடும். பொய்தான், ஆனாலும் அசையாமல் நின்றுவிடும். உண்மைக்கு இப்படி ஒரு விசிறி கிடைக்கவில்லையே என்று எனக்கு எத்தனை நாள் பொறாமையாக இருந்திருக்கிறது தெரியுமா?

ஒருநாள் சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டேன். "ஏலே, உன் மூக்கு அப்பா மூக்கு, வாய் அம்மா வாய். அதுக்காக நீ காலைல அப்பாவாவும் சாயங்காலம் அம்மாவாவுமா மாறிக்கிட்டே இருக்க? எப்பவும் நீ நீதானே?" நன்றாகத்தானே கேட்டேன்? அதற்கு நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நான் மாற மாட்டேன்க்கா. ஆனா நீ கோவம் வந்தா முழுசா அம்மாவா மாறிப்போற" என்றாய். உன் அத்தானும் உன்னோடு சேர்ந்து சிரித்தார். இப்படி ஒரு தம்பியிடம் வேதியியல் பேச முடியுமா?

சரி, அதுவாவது வாய்ப்பேச்சு. வாயால் சொன்னதை வாயால் திருத்திவிடலாம். நீ அதோடு விட்டாயா?

உனக்கு அறுங்கோணம் வரையவே வராது. ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி, மிதிபட்ட முறுக்கு மாதிரி இருக்கும். பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று உனக்கு ரோஷம். கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயின்டரைக் கூட்டிவந்து, ஹால் சுவரில் சிமென்ட் பூசிக் கறுப்பு அடித்த அந்தப் பலகையின் வலது மூலையில், வெள்ளை எனாமல் பெயின்ட்டால் இரண்டு அறுங்கோணம் எழுதச் சொன்னாய். இரண்டும் அழகு. அளவெடுத்து வைத்தது மாதிரி இருக்கும். நடுவில் என்ன போடச் சொன்னாய்? மேலே வலப்பக்கம் பார்த்து ஒரு அம்பு. கீழே இடப்பக்கம் பார்த்து ஒரு அம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மட்டும் முள்.

அது மீள்வினைக்குப் போடுகிற குறி. ஒரு பொருள் இன்னொன்றாக மாறி, திரும்பவும் பழையபடி மாறுகிறது என்று அர்த்தம். பென்சீனுக்கு அதைப் போட்டால் விசிறிக் கதையே சட்டம் ஆகிவிடும். அங்கே வேண்டியது ஒரே கோடு, இரண்டு நுனியிலும் முள் வைத்த ஒரே அம்பு. நான் மாடிக்கு வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். "பெயின்ட் காஞ்சிட்டுக்கா. இனி என்ன செய்ய?" என்று நீ சிரித்தாய். காய்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அதற்கடுத்த ஆயுத பூஜைக்குப் பிள்ளைகள் அந்தப் பலகையின் நாலு மூலைக்கும் சந்தனம் வைத்து, பென்சீனுக்கும் தனியாகக் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் போட்டார்கள். நீ சுண்டல் கொடுத்தாய். அந்த வாரம் முடிவதற்குள் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. சாகிற வயசாடா உனக்கு? இதை உன்னிடம் கேட்டு என்ன பிரயோசனம்?

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாளே பிள்ளைகளைப் பெற்றவர்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மார்ச்சில் பரீட்சை. நடு வருஷத்தில் எந்த டியூஷனில் போய்ச் சேர்ப்பது? "டீச்சர், நீங்களே பாத்து முடிச்சு விட்டிருங்க" என்றார்கள். எனக்கு அழக்கூட நேரம் கொடுக்காமல் உன் பிள்ளைகளை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து டவுனுக்கு வந்து, மூச்சு வாங்க உன் மாடி ஏறினேன்.

முதல் நாள் நான் செய்த முதல் காரியம், டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்ததுதான். பென்சீன் போகவில்லை. பெயின்ட் என்பதே அந்த நேரம் எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். அழுத்தித் தேய்த்தேன். குங்குமம் கரைந்து என் கையெல்லாம் சிவப்பு. திரும்பிப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"டீச்சர், அது போகாது. சார் பெயின்ட்ல எழுதுனது" என்றாள் முன்பெஞ்சில் இருந்த ஒருத்தி.

அவள்தான் பேச்சியம்மாள். சீவலப்பேரியில் இருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். வயல் வேலைக்காரர் மகள். வீட்டில் பிளஸ் டூ வரை வந்த முதல் ஆள். நீ அவளைப் பற்றி என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய்: "அது ஒண்ணு போதும்க்கா, இந்த வருஷத்துக்கு." டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப்போகிறாள். வேதியியலில் ஒரு மார்க் போனாலும் எங்கேயோ தள்ளிவிடும். அந்தத் தேர்வில் இந்த மாதிரி இடத்தில்தான் கேள்வியை வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

அந்த அம்பு தவறு என்று சொன்னேன். விசிறியும் தவறு என்று சொன்னேன். நயமாகத்தான் சொன்னேன். நயமாகச் சொன்னதாக நானே நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

"சார் சொன்னது தப்பா டீச்சர்?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"இந்த ஒரு விஷயத்துல தப்புதான்மா."

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போனவனைக் குறை சொல்லி நன்றாகப் படிக்கிற பிள்ளையை விரட்டிவிட்டோமே என்று உன் அத்தானிடம் புலம்பித் தீர்த்தேன். மூன்றாம் நாள் பை நிறையப் புத்தகத்தோடு வந்து நிற்கிறாள். "ஆத்துல வெள்ளம் டீச்சர். பஸ்ஸு விடல." நான் அவளைக் கட்டிக்கொள்ளவா, திட்டவா? அந்த மழையை நானும்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சீவலப்பேரி ரோட்டிலும் பெய்யும் என்று தோன்றவில்லை பார்.

கோபித்துக்கொண்டு போகவில்லை என்பதற்காக ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம் இல்லை. கார்த்திகையில் ஒரு பரீட்சை வைத்தேன். பென்சீனின் அமைப்பை விளக்குக. விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் எல்லாத் தாளிலும் உன் விசிறி சுற்றுகிறது. 'பென்சீன் இரண்டு அமைப்புகளுக்கிடையே அதிவேகமாக மாறிக்கொண்டே இருக்கிறது.' எல்லாத் தாளிலும் அந்த இரட்டை அம்பு. நான் நடத்தியதை எல்லாம் கேட்டு, தலையாட்டி, நோட்டில் எழுதிக்கொண்டு, பரீட்சையில் உன்னைத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வகுப்பு முழுக்க முட்டை போட்டேன்.

தாளை வாங்கிப் பார்த்த பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். மரியாதையாகத்தான் நின்றாள். "டீச்சர், இது எங்களுக்குப் போட்ட மார்க்கா, சாருக்குப் போட்ட மார்க்கா?"

தம்பி, நீ இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்பீஸ் தேடத்தான் முடிந்தது.

சாக்பீஸ் கிடைத்ததும், "நீயே சொல்லுட்டி, மாறிக்கிட்டே இருந்தா பிணைப்போட நீளமும் மாறணுமா இல்லையா? அளந்து பாத்தா ஆறு பக்கமும் ஒரே நீளம். ஒத்தைக்கும் ரெட்டைக்கும் நடுவுல உள்ள நீளம்" என்றேன்.

"வேகமா மாறுதுல்லா டீச்சர். அளக்கும்போது சராசரிதான் தெரியும். சார் அதையும் சொல்லியிருக்காவ."

நான் கேட்கப் போகிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். என்னோடு போட்ட சண்டையை எல்லாம் அப்படியே கொண்டுபோய் வகுப்பில் நடத்தியிருக்கிறாயோ? எங்கக்கா இப்படிக் கேட்பாள், நீங்க இப்படிச் சொல்லுங்க என்று? உன்னால் முடியாதது இல்லை.

அப்போதுதான் முடிவெடுத்தேன். உன் பிள்ளைகளை வாயால் ஜெயிக்க முடியாது. எங்கள் பள்ளித் தலைமையாசிரியையிடம் கெஞ்சி, ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறக்க அனுமதி வாங்கினேன். பையன்களும் வந்ததால் வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் இத்தனை தலை வாரிய பையன்களை அவர் ஒரே நேரத்தில் கண்டதில்லை. மேலப்பாளையத்து மைதீன் தலையில் அத்தர் வேறு மணக்கிறது. ஜன்னலை எல்லாம் திறந்துவைத்து, இரண்டு சோதனைக் குழாயை எடுத்தேன். ஒன்றில் வீட்டில் இருந்து கொண்டுபோன நல்லெண்ணெய். இன்னொன்றில் பென்சீன். இரண்டிலும் புரோமின் நீரை விட்டேன்.

இரட்டைப் பிணைப்பு எங்கே கண்டாலும் புரோமின் விடாது. போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அதன் காவி நிறம் போய்விடும். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு உண்டு. குலுக்கக் குலுக்க நிறம் காணாமல் போயிற்று. பென்சீனைக் குலுக்கினேன். நிறம் தண்ணீரை விட்டுவிட்டு மேலே மிதக்கிற பென்சீனுக்கு ஏறியது. ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எத்தனை குலுக்கினாலும் போகவில்லை.

"பென்சீன் பழசாப் போச்சோ டீச்சர்?" என்றான் மைதீன்.

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சொல்ல வாய் துடித்தது. உன் மாதிரி நானும் ஒரு விசிறியைக் கொண்டுவந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"ஓடுத ஃபேனுக்குள்ள வெரல விட்டா என்னாகும்?" என்று அவள் மைதீனிடம் கேட்டாள்.

"வெட்டும்."

"எந்நேரம் விட்டாலும் வெட்டும்லா? ரெக்கை நம்ம கண்ணுக்குத் தெரியலன்னாலும் அங்கன இருக்குல்லா?"

"இருக்கு."

"பென்சீன் எம்புட்டு வேகமா மாறுனாலும், இந்தப் படத்துல மூணு ரெட்டைக் கோடு, அந்தப் படத்துல மூணு ரெட்டைக் கோடு. எந்நேரம் போய்த் தொட்டாலும் மூணு இருக்கணும். அப்ப புரோமினு பிடிச்சிருக்கணும்லா?" அவள் என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் நீர் நின்றது. "ரெக்கையே இல்ல போல டீச்சர்."

ரெக்கையே இல்லை. தம்பி, எனக்கு இத்தனை வருஷத்தில் இப்படிச் சொல்ல வரவில்லை. உன் விசிறியை எடுத்தே உன் விசிறியை முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு மிச்சத்தை நான் சொன்னேன். இரட்டைக் கோடு என்று நாம் ஒதுக்கி வைக்கிற ஆறு எலக்ட்ரானும் எந்த இரண்டு கார்பனுக்கும் நடுவில் தனிச் சொத்தாக உட்காரவில்லை. வளையம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஆறு கார்பனுக்கும் பொது. உள்ளடங்காத எலக்ட்ரான் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். அதனால்தான் அந்த இரண்டு படத்தில் எது நிஜமாக இருந்திருந்தாலும் அதைவிட நிஜ பென்சீன் அமைதியானது. புரோமின் வந்து சும்மா கூப்பிட்டால் போவதில்லை. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். இந்தத் தடவை தலையாட்டவில்லை, கேள்வி கேட்டார்கள். அதில் இருந்தே புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

இப்போது சுவரில் இருப்பதை என்ன செய்வது? தை மாதம் ஹாலுக்கு வெள்ளையடிக்கும்போது பலகைக்கும் புதிதாகக் கறுப்பு அடித்துவிடலாம் என்றேன். பெயின்டரிடமும் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி சொன்னபடிதாம்மா எழுதுனேன். அம்பு ரெண்டா ஒண்ணான்னு எனக்கென்ன தெரியும்?" என்று அவர் என்னிடம் வருத்தப்பட்டார். அன்றைக்குப் பிள்ளைகள் ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. பாடம் முடிந்து பையை மாட்டிக்கொண்டு பெஞ்சை ஒட்டியே நிற்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டிய. அப்புறமும் தப்ப சுவர்ல வெச்சுப் பூசை போடணுமா? அடுத்த வருஷப் பிள்ளைய அதப் பாத்துல்லா படிக்கும்?" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பலகையில் கறுப்பு அடிக்க எனக்கு மட்டும் மனசு இருந்ததா? உன் கையெழுத்து கூட இல்லை அது. பெயின்டர் எழுதினது. ஆனாலும் அந்த ஹாலில் உன்னுடையது என்று அழியாமல் இருந்தது அது ஒன்றுதான். தப்பைத் தவிர வேறு எதையுமே பெயின்ட்டில் எழுதி வைக்க உனக்குத் தோன்றவில்லையா?

பேச்சியம்மாள் பலகை பக்கத்தில் போய் நின்றாள். அம்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டீச்சர், எதையும் அழிக்காண்டாம். இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல உள்ள சந்த அடைச்சாப் போதும்லா? ஒரே கோடா ஆயிரும். இங்கன ஒரு முள்ளு, அங்கன ஒரு முள்ளு. சார் போட்டது அங்கனயே இருக்கும்."

நான் பார்த்தேன். மேல் அம்புக்கு வலது நுனியில் மேலே மட்டும் முள். கீழ் அம்புக்கு இடது நுனியில் கீழே மட்டும் முள். நடுவில் ஒரு விரல் அகலம் கறுப்பு. அதை அடைத்து, இல்லாத இரண்டு முள்ளையும் போட்டால், தடித்த ஒரே அம்பு. இரண்டு பக்கமும் தலை. வேதியியல் டீச்சர் என்று பெயர். இத்தனை நாளும் அதை அழிக்கத்தான் யோசித்தேனே தவிர, சேர்த்து எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

பெயின்டரிடம் கொஞ்சம் வெள்ளையும் ஒரு தூரிகையும் வாங்கிவந்தோம். பேச்சியம்மாள்தான் பெஞ்சில் ஏறி நின்று பூசினாள். உன் கோடு ஒன்றுகூட மறையவில்லை. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பழைய வெள்ளைக்கும் புது வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். பின்பெஞ்சில் இருந்து பார்த்தால் ஒரே அம்பு.

பூசி முடித்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பின் அறை வாசலைப் பார்த்தேன். "சரி, போட்டுட்டியளா? இப்ப மனசு ஆறிச்சாக்கா?" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீ வந்து நிற்பாய் என்று ஏனோ தோன்றியது. அறை பூட்டிக் கிடந்தது. சாவி என் பையில்தான் இருந்தது.

உனக்கு மற்ற சேதியும் சொல்லவேண்டும். மார்ச் பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் பேச்சியம்மாள் என்னைத் தேடி வந்து சொன்ன முதல் வார்த்தை, "ரெண்டு படமும் போட்டேன் டீச்சர். நடுவுல ஒரே அம்பு." டாக்டருக்கு மார்க் கொஞ்சம் தட்டிப்போய்விட்டது. வேதியியலில் இல்லை, இயற்பியல்தான் காலை வாரியது. வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவள் அப்பா என்னிடம் வந்து, "வயக்காட்டுல இருந்து தப்பிச்சுப் போன்னு படிக்க வெச்சா, வயக்காட்டப் பத்தியே படிக்கப் போறாளே டீச்சர்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவளுக்கு மகா சந்தோஷம். மைதீன் தேறிவிட்டான். எப்படித் தேறினான் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

உன் டியூஷனை மூடவில்லை. இந்த வருஷமும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நீ செய்தது மாதிரியே பென்சீன் வருகிற கடைசிப் பாடத்தை முதலில் எடுத்தேன். ஏன் என்று கேட்காதே. பலகையைக் காட்டியதுமே ஒருத்தி கேட்டாள், "இதுல எது டீச்சர் நெசம்?" எழுந்துபோய் விசிறியைப் போட்டேன். பைய சுற்றவிட்டு, "ரெக்கை தெரியுதா?" என்றேன். வேகத்தைக் கூட்டி, "இப்ப?" என்றேன். உன் பொய்யை முழுசாகச் சொல்லி, அவர்கள் கைதட்டி முடிகிற வரைக்கும் நின்றேன். அதற்குப் பிறகு மேஜைக்கு அடியில் இருந்து நல்லெண்ணெயை எடுத்தேன். நீ இல்லாமல் என்னால் அந்தப் பாடத்தை ஆரம்பிக்க முடியவில்லை, கேட்டுக்கொள். நான் இல்லாமல் உன்னால் அதை முடித்திருக்க முடியாது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்.

எனக்கு உன்மேல் உள்ள கோபம் அந்த அம்புக்காக இல்லை குற்றாலம். இருபது வருஷம் ஆனாலும் சரி, ஒருநாள் என் வீட்டுச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உன்னை உட்கார வைத்து, 'சரிக்கா, நீ சொன்னதுதான் சரி' என்று சொல்ல வைக்கவேண்டும் என்று இருந்தேன். நீ தோற்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தோற்காமலே போய்விட்டாய். இப்போது நான் ஜெயித்துவிட்டேன். எதிரில் ஆள் இல்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஆயுத பூஜைக்கும் அந்தப் பலகைக்குச் சந்தனம் வைப்பேன், பென்சீனுக்குத் தனியாகக் குங்குமம் வைப்பேன். பெயின்ட் உரிந்தால் பெயின்டரைக் கூப்பிட்டு, முதலில் உன் இரண்டு கோட்டையும் தனித்தனியாக எழுதச் சொல்வேன். அது காய்ந்த பிறகு நடுச் சந்தை என் கையால் அடைப்பேன். வருஷா வருஷம் அப்படித்தான் செய்வேன். என் படி ஏறும் கால் ஓய்கிற வரைக்கும் செய்வேன்.

நீ இனி குறுக்கே பேசலாம்.

கோபத்தில் முழுசாக அம்மாவாகிப்போகிற
உன் உலகம்மாள் அக்கா